வீடு திரும்பிய பிறகு: மூளைக்காயத்தோடு வாழ்பவருக்குச் சுற்றம் எப்படித் துணை நிற்பது?

தலையில் அடிபட்டு ஒருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும்போது வெளியே காத்திருப்பவர்களுக்குக் குறைவிருக்காது. உறவினர், நண்பர், உடன் வேலை பார்த்தவர் என்று ஆளாளுக்கு ஓடி வருவார்கள். ரத்தம் கொடுப்பார்கள், பணம் புரட்டுவார்கள், இரவெல்லாம் கண்விழிப்பார்கள். அவர் பிழைத்து வீடு திரும்பி, நடமாட ஆரம்பித்துச் சில மாதங்கள் ஆனதும் ஒவ்வொருவராக வருவது நின்றுவிடும். ஆள் தேறிவிட்டார் என்ற நிம்மதியில் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள். அந்த வீட்டுக்கு ஆள்துணை அதிகம் தேவைப்படுவது அப்போதுதான்.

இதில் யார் மீதும் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. வந்தவர்களுக்குப் பாசம் இருந்தது. அடுத்து என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள மருத்துவம் படித்திருக்க வேண்டியதில்லை.

வெளியே தெரியாத காயம்

மூளைக்காயம் பல வழிகளில் வரும். கீழே விழுவது, சாலை விபத்து, தாக்குதல், விளையாட்டில் படும் அடி ஆகியவை வெளியிலிருந்து வருபவை. பக்கவாதம், மூளைக்காய்ச்சல், மூளைக்கட்டி, இதயம் நின்று மூளைக்கு ஆக்சிஜன் போகாமல் இருப்பது ஆகியவை உடலுக்குள்ளேயே நேர்பவை. தொடக்கம் வேறுவேறாக இருந்தாலும், வீடு திரும்பிய பிறகு இவர்கள் படும் பாடு பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும்.

அடிபட்ட முதல் மணிநேரங்களில் மருத்துவர்கள் ஓர் எண்ணைச் சொல்வார்கள். கிளாஸ்கோ கோமா அளவுகோல் என்று அதற்குப் பெயர். கிரஹாம் டீஸ்டேல், பிரையன் ஜெனட் என்ற இரண்டு மருத்துவர்கள் 1974-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் உருவாக்கியது. கண் திறக்கிறாரா, பேசுகிறாரா, சொன்னபடி கையை அசைக்கிறாரா என்று பார்த்து 3 முதல் 15 வரை மதிப்பெண் போடுவார்கள். 13-ம் அதற்கு மேலும் லேசான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 8-ம் அதற்குக் கீழும் கடுமை. அவசர சிகிச்சையில் இந்த எண் மிகவும் உதவும். ஆனால் அது அளப்பது அந்த நேரத்து விழிப்புநிலையை மட்டும். ஆறு மாதம் கழித்து அவரால் ஒரு கடிதத்தை முழுதாகப் படிக்க முடியுமா, கூட்டத்தில் உட்கார முடியுமா என்பதை அது சொல்லாது. “லேசான காயம்தானே, இன்னும் என்ன?” என்று கேட்பவர்கள் மருத்துவக் குறிப்பில் இருந்த அந்தச் சொல்லை வாழ்க்கைக்கும் பொருத்திப் பார்த்துவிடுகிறார்கள்.

அடிபட்டவர்கள் அதிகம் சொல்லும் தொல்லை அசதி. நாள் முழுக்க உழைத்த களைப்பு ஓர் இரவு தூங்கினால் போய்விடும். இது அப்படிப் போவதில்லை. முன்பு தானாக நடந்த வேலைகளை எல்லாம் மூளை இப்போது முயன்று செய்ய வேண்டியிருக்கிறது. எதிரில் இருப்பவர் பேசுவதைப் பின்தொடர, பின்னால் ஓடும் தொலைக்காட்சியை ஒதுக்கித்தள்ள, சொல்ல வந்த சொல்லைத் தேடிப் பிடிக்க என ஒவ்வொன்றுக்கும் தெம்பு செலவாகும். காலை பத்து மணிக்குச் சிரித்துப் பேசிய அதே ஆள் மதியம் இரண்டு மணிக்குச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பார். காலையில் பார்த்தவர் “நன்றாகத்தான் இருக்கிறார்” என்பார், மதியம் பார்த்தவர் “ஆளே சரியில்லை” என்பார். இருவர் சொல்வதும் உண்மைதான்.

அடுத்தது, அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது, ஒரு வேலையைத் தொடங்கும் திறன் குறைந்துபோவது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளையின் முன்பகுதி சேதப்பட்டால் இது நேரும். குளிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். எப்படிக் குளிப்பது என்று கேட்டால் முறையாகச் சொல்வார். குளிக்க விருப்பமும் இருக்கும். ஆனாலும் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தபடியே ஒரு மணிநேரம் போய்விடும். “சோம்பேறித்தனம், உடம்பு வணங்கவில்லை” என்று வீட்டில் சண்டை தொடங்கும். அதே ஆளிடம் துண்டைக் கையில் கொடுத்து, “வாங்க, தண்ணீர் திறந்தாயிற்று” என்று சொன்னால் எழுந்து போய் மற்றதை எல்லாம் தானே முடித்துவிடுவார். தொடக்கத்தை மட்டும் யாராவது வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். ஏசுவதால் அந்தத் தொடக்கம் வராது.

ஞாபக மறதி, சட்டென்று வரும் கோபம், இடம் பார்க்காமல் பேசிவிடுவது, வெளிச்சமும் சத்தமும் தாங்காமல் போவது, காரணமில்லாத அழுகை அல்லது சிரிப்பு, இவையும் உண்டு. எல்லாருக்கும் எல்லாமும் வராது. இன்னொன்று, சிலருக்குத் தன்னிடம் மாற்றம் இருப்பதே தெரியாது. பக்கவாதத்தால் கை செயலிழந்தும் அதை உணராத நோயாளிகளைப் பற்றிப் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் ஜோசப் பாபின்ஸ்கி 1914-லேயே எழுதினார். இது மறைப்பதும் அல்ல, பிடிவாதமும் அல்ல. தன்னைத் தானே கவனிக்கும் பகுதியே சேதப்பட்டிருக்கிறது. எனவே “உனக்கு என்ன பிரச்சினை என்று ஒத்துக்கொள்” என்று வாதாடுவது வீண்.

கேஜின் கதையில் சொல்லப்படாத பாதி

மூளைக்காயம் பற்றிய பாடநூல்களில் ஃபினியாஸ் கேஜ் என்ற பெயர் தவறாமல் வரும். அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில்பாதை போடும் கூட்டத்துக்கு மேஸ்திரியாக இருந்தவர். 1848 செப்டம்பர் 13 அன்று பாறைக்கு வெடி வைக்கும்போது, ஒரு மீட்டருக்கு மேல் நீளமும் சுமார் 6 கிலோ எடையும் கொண்ட இரும்புக் கம்பி அவர் கன்னத்தின் கீழ் நுழைந்து மண்டையின் உச்சி வழியாக வெளியேறியது. அப்போது அவருக்கு வயது 25. பிழைத்துக்கொண்டார். ஆனால் குணம் மாறிவிட்டது. நண்பர்கள் “இது கேஜ் இல்லை” என்றார்கள். முன்பு அவரைத் தலைசிறந்த மேஸ்திரி என்று மெச்சிய முதலாளிகள் பழைய வேலையைத் தர மறுத்துவிட்டார்கள். அவருக்குச் சிகிச்சை அளித்த ஜான் ஹார்லோ 1868-ல் இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பெரும்பாலான புத்தகங்கள் கதையை அங்கேயே நிறுத்திவிடுகின்றன. அதன் பிறகு கேஜ் சும்மா இருக்கவில்லை. ஒரு குதிரை லாயத்தில் வேலை பார்த்தார். 1852-ல் தென் அமெரிக்காவின் சிலி நாட்டுக்குப் போய், பல குதிரைகள் பூட்டிய பயணிகள் வண்டியைப் பல ஆண்டுகள் ஓட்டினார். குதிரைகளைக் கவனிப்பது, வண்டி பூட்டுவது, பயணிகளை ஏற்றுவது, தெரிந்த பாதையில் ஓட்டுவது, மறுநாளும் அதையே செய்வது. கேஜைப் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த ஆஸ்திரேலிய உளவியலாளர் மால்கம் மெக்மில்லன் ஒரு கருத்தை முன்வைத்தார். ஒழுங்கான அந்த அன்றாட வேலைமுறைதான் கேஜை ஓரளவு பழைய நிலைக்குக் கொண்டுவந்திருக்கும் என்பது அவர் வாதம். 1860-ல் வலிப்பு வந்து 36 வயதில் இறக்கும் முன்பு வரை கேஜ் உழைத்தே வாழ்ந்தார்.

இந்தப் பாதிக் கதைதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. சேதப்பட்ட மூளைப்பகுதி அப்படியேதான் இருந்தது. மாறியது அவரைச் சுற்றியிருந்த ஏற்பாடு: எதை எப்போது செய்ய வேண்டும் என்பதை நாளின் வரிசையே சொல்லியது, நம்பி ஒரு வேலையைக் கொடுக்க ஒருவர் இருந்தார். சமூக ஆதரவு என்று நான் சொல்வது இதைத்தான். ‘பாவம்’ என்று உச்சுக் கொட்டுவதில் அது அடங்காது.

யார் தொடங்கினார்கள்?

மூளைக்காயத்துக்கான பெரிய அமைப்புகள் பல, வீட்டிலிருந்து தொடங்கியவை. அமெரிக்காவில் மேரிலின் ஸ்பைவாக் என்ற தாய், தன் மகள் கார் விபத்தில் மூளைக்காயம் பட்ட பிறகு எங்கும் சரியான உதவி கிடைக்காமல் அலைந்து, 1980-ல் மற்றக் குடும்பங்களோடு சேர்ந்து தேசியத் தலைக்காய அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று அது அமெரிக்க மூளைக்காயச் சங்கம் என்ற பெயரில் இயங்குகிறது. பிரிட்டனில் ‘ஹெட்வே’ அமைப்பு 1979-ல் பிறந்தது. உள்ளூர்க் குழுக்கள்தான் இன்றும் அதன் முதுகெலும்பு.

இன்னொரு முன்மாதிரி மனநல உலகிலிருந்து வந்தது. நியூயார்க்கில் 1948-ல் உருவான ‘ஃபவுண்டன் ஹவுஸ்’ என்ற கூடத்தில் வருபவர்களை நோயாளி என்று அழைக்க மாட்டார்கள், உறுப்பினர் என்பார்கள். தொலைபேசி எடுப்பது, சமைப்பது, செய்தித்தாள் தயாரிப்பது, புதியவர்களுக்கு இடத்தைச் சுற்றிக் காட்டுவது என அன்றைய வேலைகளை உறுப்பினர்களும் ஊழியர்களும் சேர்ந்து செய்வார்கள். இதே முறையை மூளைக்காயம் பட்டவர்களுக்கும் பல இடங்களில் பின்பற்றுகிறார்கள். ஒருவர் வராவிட்டால் அவர் செய்யும் வேலை நிற்கும், யாராவது தேடுவார்கள். தன்னை ஒருவர் தேடுகிறார் என்பது எத்தனையோ பயிற்சிகளால் தர முடியாத தெம்பு.

2006-ல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 19-வது பிரிவு, மற்றவர்களைப் போலவே சமூகத்தில் வாழ்வதும் அதற்கான துணையைப் பெறுவதும் உரிமை என்கிறது. எனவே கேட்கும் குடும்பம் கூச்சப்பட வேண்டியதில்லை.

சிறிய வட்டத்திலிருந்து

சங்கம், பதிவு, தலைவர், செயலாளர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் ஒரே ஒருவரைச் சுற்றி நாலைந்து பேர் போதும். அந்த நாலைந்து பேரையும் தேர்ந்தெடுப்பதில் அடிபட்டவருக்கே முதல் சொல். அவருக்குப் பிடிக்காத உறவினரை வயதில் மூத்தவர் என்பதற்காக உள்ளே விட வேண்டாம். வட்டத்தை ஒருங்கிணைக்கும் பொறுப்பு, கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும் மனைவியிடமோ தாயிடமோ போய்ச் சேரக் கூடாது என்பதும் முக்கியம். பெரும்பாலும் அப்படித்தான் ஆகிவிடுகிறது. ஏற்கெனவே மருந்து, மருத்துவர், பணம் என்று ஓடிக்கொண்டிருப்பவரின் தலையில் இன்னொரு பட்டியலும் ஏறிவிடும்.

வட்டத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுதிக் கொடுங்கள். எந்த நேரத்தில் அவருக்குத் தெம்பு அதிகம், எது எரிச்சலூட்டும், பேச்சு தடுமாறினால் என்ன செய்ய வேண்டும், வலிப்பு வருமா, வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், எந்தப் பேச்சு அவருக்குப் பிடிக்கும். அவரோடு உட்கார்ந்து, அவர் சொல்லச் சொல்ல எழுத வேண்டும். எது வேண்டாம் என்கிறாரோ அது அதில் இருக்கக் கூடாது. அவர் படத்தையும் உடல்நிலையையும் வாட்ஸ்அப் குழுக்களில் பரப்புவதற்கும் இதே விதி. மூளையில் அடிபட்டதால் ஒருவரின் அந்தரங்கம் பொதுச்சொத்து ஆகிவிடாது.

“ஏதாவது வேண்டுமென்றால் சொல்லுங்கள்” என்று விட்டுவிட்டுப் போவதால் பயனில்லை. என்ன வேண்டும் என்று யோசித்து, யாரிடம் கேட்கலாம் என்று தேர்ந்து, வாய் திறந்து கேட்பது மூன்றும் அடிபட்ட மூளைக்கு மிகக் கடினமான வேலைகள். அதற்குப் பதில், “செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு வருகிறேன், இருவரும் பத்து நிமிடம் நடந்துவிட்டு வரலாம்” என்று சொல்லுங்கள். திங்கள் மாலை ஒரு செய்தி, செவ்வாய் காலை ஒரு செய்தி அனுப்புங்கள். சொன்ன நேரத்துக்குப் போங்கள். நாலு பேராகப் போக வேண்டாம். தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லுங்கள். அரை மணிநேரத்தில், அவர் களைக்கும் முன்பே கிளம்பிவிடுங்கள். அவர் அன்றைக்கு வேண்டாம் என்றால் முகம் வாடாமல், “சரி, அடுத்த செவ்வாய் வருகிறேன்” என்று சொல்லிவிட்டு, அதுபோலவே போங்கள்.

போனதும் “நான் யார் சொல்லு பார்க்கலாம்?” என்று கேட்கும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். அன்பால்தான் கேட்கிறோம், ஆனால் அவருக்கு அது தோற்கப்போகும் பரீட்சை. ஞாபகம் கெட்டவர்களிடம் ஊகிக்கச் சொல்வதில் இன்னொரு சிக்கலும் உண்டு. தவறாகச் சொன்ன விடையே மனத்தில் பதிந்துவிடும். பிரிட்டிஷ் உளவியலாளர்கள் ஆலன் பேட்லியும் பார்பரா வில்சனும் 1994-ல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது: கடுமையான ஞாபகக் குறைவு உள்ளவர்கள் தவறே நேராதபடி சரியான விடையை முன்கூட்டியே சொல்லிக் கற்பித்தபோது நன்றாகக் கற்றார்கள். ஆகவே உள்ளே நுழையும்போதே “அண்ணா, நான் உங்களோடு ஆபீஸில் கணக்குப் பிரிவில் இருந்தவன்” என்று பெயரையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

நினைவூட்டும் கருவிகள் மூளையைச் சோம்பலாக்கும் என்ற அச்சம் பல வீடுகளில் இருக்கிறது. அதை நான் ஏற்கவில்லை. பார்பரா வில்சன் குழுவினர் 2001-ல் வெளியிட்ட ஆய்வில், மருந்து, சந்திப்பு, அன்றாட வேலைகளை உரிய நேரத்தில் பேஜர் (ஒலி எழுப்பிச் சிறு செய்தியைக் காட்டும் கையடக்கக் கருவி) மூலம் நினைவூட்டியபோது, பங்கேற்றவர்களில் பெரும்பாலோர் தங்கள் வேலைகளை முன்பைவிட நன்றாகச் செய்து முடித்தார்கள். இன்று கையில் இருக்கும் செல்போனின் அலாரமே அந்த வேலையைச் செய்யும். அதை அமைத்துக் கொடுத்து, வாரம் ஒருமுறை சரிபார்க்கும் பொறுப்பை வட்டத்தில் ஒருவர் எடுத்துக்கொள்ளலாம்.

பேச்சு பாதிக்கப்பட்டவரோடு பேசுவதற்கும் முறை இருக்கிறது. சொல் வராததால் அறிவும் போய்விட்டது என்று நினைப்பவர்கள் அவர் முகத்துக்கு எதிரிலேயே அவரைப் பற்றி மூன்றாம் மனிதரிடம் விசாரிப்பார்கள். டொராண்டோவில் ஆரா கேகன் என்ற பேச்சுமொழி நிபுணர் வளர்த்த உரையாடல் முறையின் முதல் படியே, “உங்களுக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்” என்று அவரிடம் வெளிப்படையாகச் சொல்வது. பிறகு தாளும் பேனாவும் எடுத்து, பேசும் விஷயத்தின் முக்கியச் சொல்லைப் பெரிதாக எழுதிக் காட்டுங்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும்படி கேளுங்கள். கேட்டுவிட்டுக் காத்திருங்கள். அந்த மௌனத்தை நிரப்ப வாய் துடிக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பலர் கூடும்போது

ஒரு வட்டம் நிலைத்த பிறகு, அதே நிலையில் இருக்கும் வேறு குடும்பங்களைத் தேடிச் சேரலாம். மருத்துவமனையின் சமூகப் பணியாளர், பிசியோதெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சியாளர் ஆகியோரிடம் சொல்லிவைத்தால் அவர்கள் வழியாக ஆள் வருவார்கள். தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தவர், இன்னொருவர் “எனக்கும் கடையில் நின்றால் தலை சுற்றும்” என்று சொல்லக் கேட்கும்போது கிடைக்கும் ஆறுதலை வேறு யாராலும் கொடுக்க முடியாது.

கூட்டத்தின் அமைப்பு அதில் பேசுவதைப் போலவே முக்கியம். எதிரொலிக்காத அறை. கண்ணைக் கூசாத வெளிச்சம். எப்போதும் அதே இடம், அதே நேரம். ஒரு மணிநேரத்துக்கு மிகாத நிகழ்ச்சி, நடுவில் இடைவேளை. இன்று என்னென்ன என்று பலகையில் எழுதி, முடிந்ததை அடித்துவிட வேண்டும். பெயர் அட்டையை எல்லாரும் அணிய வேண்டும், அடிபட்டவர்கள் மட்டும் அணிந்தால் அது முத்திரை குத்துவதாகிவிடும். தாங்க முடியாதவர் போய் உட்கார ஓர் அமைதியான மூலை வேண்டும், அங்கே போனதற்கு யாரும் காரணம் கேட்கக் கூடாது. வந்துபோக வண்டி ஏற்பாடு இல்லாவிட்டால் மற்றதெல்லாம் இருந்தும் பயனில்லை. வாகனம் ஓட்டக் கூடாது என்று மருத்துவர் சொன்னவர்கள் பலர் வருவார்கள்.

ஒருவர் இடைவிடாமல் பேசுவார், இன்னொருவர் பொருத்தமில்லாத ஒன்றைச் சொல்லிவிடுவார். கண்டுகொள்ளாமல் விடுவதும், எல்லார் முன்னும் அதட்டுவதும் உதவாது. தனியே அழைத்துச் சாதாரணக் குரலில், “அக்கா, இப்போது மற்றவர் முறை” என்றோ, “அந்தப் பேச்சு அவருக்குச் சங்கடமாக இருந்தது” என்றோ நேராகச் சொல்ல வேண்டும். சாடையாகச் சொன்னால் புரியாமல் போகலாம். யாரும் சொல்லாமல் ஒதுங்கிப் போனால், ஏன் ஒதுங்கினார்கள் என்றே அவருக்குத் தெரியாது.

வருகிற ஒவ்வொருவருக்கும் கொடுக்க ஒரு வேலை வைத்திருங்கள். நாற்காலி போடுவது, பெயர் எழுதுவது, வராதவருக்குப் போன் செய்வது, புதிதாக வந்த குடும்பத்தின் பக்கத்தில் உட்காருவது. வேலை உண்மையானதாக இருக்க வேண்டும், ஒப்புக்குக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். பழைய தொழிலுக்குத் திரும்ப நினைப்பவருக்கு இங்கே பழகும் நேர ஒழுங்கு உதவும். முதலாளியிடம் பேசி, குறைந்த மணிநேரம், அமைதியான இடம், எழுத்தில் வரும் உத்தரவு, அடிக்கடி ஓய்வு ஆகியவற்றைக் கேட்டு வாங்குவதற்கு வட்டத்தில் ஒருவர் கூடப் போனாலும் பெரிய உதவி.

பார்த்துக்கொள்பவரை யார் பார்ப்பது?

ஆள் எதிரில் இருக்கிறார், ஆனால் மணந்துகொண்ட அந்த மனிதர் இல்லை. இறந்தால் துக்கம் கேட்க வருவார்கள், இதற்கு வர யாரும் இல்லை. அமெரிக்கச் சமூக அறிவியலாளர் பாலின் பாஸ் இந்த வகைத் துயரத்துக்கு ‘தெளிவற்ற இழப்பு’ என்று பெயரிட்டுப் பல ஆண்டுகள் எழுதினார். “உயிரோடு கிடைத்தாரே, அதுவே போதும்” என்று தேற்றும்போது, அழுவதற்கு இருந்த உரிமையும் போய்விடுகிறது. துணைவருக்கு, தாய்க்கு, பிள்ளைகளுக்குத் தனியாகப் பேச ஓர் இடம் வேண்டும். அடிபட்டவர் இல்லாத கூட்டம், மாதத்தில் ஒன்றாவது. அதைவிட அவசரமாகத் தேவைப்படுவது நேரம். சனிக்கிழமை மூன்று மணிநேரம் நீங்கள் வீட்டில் இருந்து அடிபட்டவரைப் பார்த்துக்கொண்டால், வழக்கமாகப் பார்த்துக்கொள்பவர் தூங்கலாம், தன் மருத்துவரைப் பார்க்கலாம், சும்மா நடக்கலாம். அந்த மூன்று மணிநேரத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்காதீர்கள்.

வீட்டுக் குழந்தைகளிடம் யாராவது விளக்க வேண்டும். அப்பா கத்துவதற்குத் தாங்கள் காரணம் என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள்.

வட்டத்தின் எல்லை

நண்பர்கள் மருத்துவர் ஆகிவிட முடியாது. புதிதாக வலிப்பு, கூடிக்கொண்டே போகும் தலைவலி, ஓயாத வாந்தி, அதிகமாகும் மயக்கம் அல்லது குழப்பம், கை கால் திடீரெனத் தளர்வது ஆகியவற்றில் எது வந்தாலும் தாமதிக்காமல் மருத்துவமனைதான். மூளைக்காயத்துக்குப் பிறகு மனச்சோர்வு பலருக்கு வருகிறது. ‘வாழ்ந்து என்ன’ என்ற பேச்சு வந்தால் அதைத் தட்டிக்கழிக்காமல், சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று நேராகக் கேளுங்கள், தனியே விடாதீர்கள், உடனே மருத்துவ உதவிக்குக் கொண்டுபோங்கள். மது இவர்களுக்கு முன்பைவிட வேகமாக ஏறும், வலிப்பையும் தூண்டும். ஆகவே ‘ஒரு வாய்’ என்று வற்புறுத்துபவர் நண்பர் அல்ல. பண விஷயத்திலும் கண் வேண்டும், சட்டென்று நம்பிக் கையெழுத்துப் போட்டுவிடும் நிலையில் இருப்பவரைச் சுரண்ட வருபவர்கள் உண்டு. ஆனால் அவர் பணத்தைக் காப்பது என்ற பெயரில் அவர் முடிவுகளை எல்லாம் பறித்துவிடவும் கூடாது. தவறு செய்யும் உரிமை மற்றவர்களுக்கு இருப்பதுபோல் அவருக்கும் உண்டு.

முன்னேற்றம் முதல் மாதங்களில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் இருக்கும். குறிப்பிட்ட ஒரு நாளோடு அது நின்றுவிடும் என்பது சரியல்ல, பல ஆண்டுகள் கழித்தும் புதிதாகக் கற்றுக்கொள்கிறார்கள். அதனால் வட்டமும் ஆண்டுக்கணக்கில் நிற்பதற்கேற்ப இருக்க வேண்டும். எல்லா வாரமும் ஒருவரே போனால் அவர் சலித்து விலகிவிடுவார். முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒருங்கிணைப்பவரும் ஆண்டுக்கு ஒருமுறை மாறட்டும், விலகுபவர் அடுத்தவரோடு சில வாரங்கள் சேர்ந்து போய் அறிமுகப்படுத்திவிட்டு விலகட்டும். முதல் கூட்டத்துக்கு மூன்று பேர்தான் வந்தார்கள் என்றால் மூன்று பேரோடு நடத்துங்கள். கலையும் முன் அடுத்த தேதியையும், யார் யாரை அழைத்து வருவது என்பதையும் தாளில் எழுதி ஒவ்வொருவர் கையிலும் கொடுங்கள்.